விக்டோரியா காலத்தில் பப் நடத்திய முன்னோரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவரின் தாய்வழி முன்னோர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பீர் விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களைத் தேடப் போய்த்தான் இந்தப் பழைய காகிதங்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஆங்கிலேயக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள், சென்னையில் இருக்கும் ஆங்கிலோ இந்தியத் தோழிகள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குப் பொருந்தும். காலம் விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் போக வேண்டிய இடங்களில் போயிருக்கிறேன்.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா பப் வைத்திருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். வேறு ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

அவருடைய பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் தொழில் இருக்கும், பிறந்த இடம் இருக்கும். பப்பின் மாடியிலேயே குடும்பம் வாழ்ந்தது என்பதால் சில சமயம் பிறந்த இடமாகப் பப்பின் பெயரே எழுதப்பட்டிருக்கும். திருமணச் சான்றிதழில் மணமகன், மணமகள் இருவரின் அப்பாக்களுடைய தொழிலும் இருக்கும். சர்ச் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 1813 முதல் அப்பாவின் தொழிலைக் குறிக்கத் தனிக் கட்டமே உண்டு.

ஒரு பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு பிள்ளைகள் என்றால் ஆறு பதிவுகளையும் பாருங்கள். மூத்தவன் பிறந்தபோது தச்சர், மூன்றாவது பெண் பிறந்தபோது பீர் வியாபாரி, கடைசிப் பையன் பிறந்தபோது மறுபடியும் தச்சர் என்று வந்தால், அவர் பப் நடத்திய வருடங்கள் தோராயமாகக் கையில் கிடைத்துவிடும். இந்த முதல் கட்டத்தில் உங்களுக்குத் தேவை இரண்டே விஷயங்கள்: பப்பின் பெயர் அல்லது தெரு, அப்புறம் ஏறத்தாழ எந்த வருடங்கள் என்பது.

ஆள் அங்கே இரண்டு மூன்று வருடம்தான் இருந்திருப்பார். கட்டடம் நூறு வருடம் நின்றிருக்கும். அவர் பெயரை வைத்துத் தேடும்போது கிடைக்காத செய்தி, கட்டடத்தின் பெயரை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். கீழே நான் சொல்லப் போகிற வழிகளில் பாதிக்கு மேல் இதை நம்பித்தான் இருக்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வருடம் ‘லைசென்ஸ்டு விக்சுவலர்’ என்றும் இன்னொரு வருடம் ‘பீர் செல்லர்’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் எந்த ஆவணத்தைத் தேடுவது என்பதே தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1552 முதல் இங்கிலாந்தில் மது விற்க வேண்டுமென்றால் உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும். இவர்கள் சம்பளம் வாங்காத ஊர்ப் பெரியவர்கள். ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ என்பது அவர்களின் பட்டம். பீர், ஒயின், ஜின், பிராந்தி எல்லாம் விற்கும் முழு உரிமம் பெற்றவர்தான் லைசென்ஸ்டு விக்சுவலர். ‘பப்ளிக்கன்’ என்றாலும் பெரும்பாலும் இவர்தான். பயணிகளுக்குப் படுக்கையும் குதிரைக்குக் கொட்டிலும் கொடுத்தவர் ‘இன்கீப்பர்’.

1830-இல் வெலிங்டன் பிரதமராக இருந்தபோது பீர்ஹவுஸ் சட்டம் வந்தது. மக்கள் ஜின் குடிப்பதைக் குறைக்க வேண்டும், பெரிய மது ஆலைகளின் பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது நோக்கம். வரி கட்டும் குடித்தனக்காரர் எவரும் 2 கினி, அதாவது 2 பவுண்டு 2 ஷில்லிங் கட்டிக் கலால் துறையிடம் ஓர் உரிமம் எடுத்தால் போதும், தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். நீதிபதியிடம் போகத் தேவையில்லை. பீர் மீதான வரியும் அதே வருடம் நீக்கப்பட்டது. சட்டம் வந்த முதல் சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான வீடுகளின் முன்னறைகள் பீர்க்கடைகளாக மாறின. கொல்லர், தச்சர், செருப்புத் தைப்பவர் என்று எத்தனையோ பேர் பகலில் தம் தொழிலைப் பார்க்க, மனைவி முன்னறையில் பீர் ஊற்றிக் கொடுத்தார். இவர்கள்தான் ‘பீர் செல்லர்’, ‘பீர்ஹவுஸ் கீப்பர்’, ‘பீர் ரீட்டெய்லர்’. இவர்கள் ஜின்னோ பிராந்தியோ விற்க முடியாது.

1834-இல் விதி கொஞ்சம் இறுகியது. கடையிலேயே உட்கார்ந்து குடிக்கவிட வேண்டுமானால், வரி கட்டும் ஆறு பேர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார்கள். பிறகு 1869-இல் வந்த சட்டம் பீர்ஹவுஸ்களையும் மறுபடி நீதிபதிகளின் கீழ் கொண்டுவந்தது. ஆக, 1830-க்கும் 1869-க்கும் இடையே உங்கள் முன்னோர் பீர் மட்டும் விற்றிருந்தால், நீதிபதிகளின் உரிமப் பதிவுகளில் அவர் பெயர் இருக்க வாய்ப்பில்லை. நிறையப் பேர் அங்கே தேடித் தேடி, “பதிவே இல்லை, வீட்டில் சொன்னது பொய்க்கதை” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பொய்க்கதை அல்ல.

உரிமப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன?

அந்தந்தக் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், ஆவணக் காப்பகத்தில். 1753 முதல் 1828 வரை முழு உரிமம் பெற்றவர்களின் பிணைப் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்றி வைப்பது கட்டாயமாக இருந்தது. ஒழுங்காக நடத்துவேன், சூதாட்டம் அனுமதிக்க மாட்டேன் என்று கடைக்காரர் கொடுத்த பிணை அது. பல இடங்களில் இவை நன்றாகவே பிழைத்திருக்கின்றன. ‘காலாண்டு அமர்வு’ என்று நாம் சொல்லக்கூடிய ‘குவார்ட்டர் செஷன்ஸ்’ ஆவணங்களுக்குள் தேடுங்கள். பிணை நின்றவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மாமனாராகவோ பக்கத்துப் பப்காரராகவோ இருக்கலாம்.

1828-இல் வந்த புதிய சட்டத்தோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. மறுபடி முறையான பதிவேடு வைக்கச் சொன்னது 1872-ஆம் வருடச் சட்டம்தான். அதன் பிறகு வந்த பதிவேடுகள் அருமையானவை. பப்பின் பெயர், உரிமம் பெற்றவர், கட்டடச் சொந்தக்காரர், உரிமம் கைமாறிய தேதி, தண்டனை ஏதாவது இருந்தால் அது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ‘பெட்டி செஷன்ஸ்’ எனப்படும் உள்ளூர் நீதிமன்ற ஆவணங்களோடு இவை வைக்கப்பட்டிருக்கும். இவற்றில் பெரும்பகுதி இன்னும் இணையத்தில் ஏறவில்லை. காப்பகத்துக்கு ஊர்ப்பெயர், பப்பின் பெயர், வருடம் மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதுதான் வழி.

அப்படியானால் 1828-க்கும் 1872-க்கும் நடுவே நாற்பது வருடம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அந்தப் பொக்கிஷம் செய்தித்தாள்களில் இருக்கிறது.

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற கட்டணத் தளத்தில் கோடிக்கணக்கான பழைய பக்கங்களைச் சொல் வாரியாகத் தேடலாம். முழு உரிமங்களை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அமர்வுக்கு ‘புரூஸ்டர் செஷன்ஸ்’ என்று பெயர். 1828 சட்டப்படி லண்டனைச் சுற்றிய மிடில்செக்ஸ், சர்ரே பகுதிகளில் இது மார்ச்சில் நடந்தது. மற்ற இடங்களில் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நடந்தது. அந்த வாரங்களின் உள்ளூர்ப் பத்திரிகையில் யாருக்குப் புதுப்பித்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்ற செய்தி வரும். வருடத்தின் நடுவே உரிமம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறினால், அதற்கான சிறப்பு அமர்வைப் பற்றி ஒற்றை வரிச் செய்தி வரும். அந்த ஒற்றை வரியில் உங்கள் முன்னோர் வந்த தேதி, அவருக்கு முன்னால் இருந்தவர் பெயர் இரண்டும் கிடைக்கும்.

பீர்ஹவுஸ்காரர்கள் அதிகம் அகப்படுவது வழக்குச் செய்திகளில். ஞாயிறு காலை சர்ச் வழிபாட்டு நேரத்தில் கடையைத் திறந்து வைத்தது, இரவு நேரம் தாண்டிப் பீர் ஊற்றியது, சீட்டாட விட்டது, அளவு குறைந்த பாத்திரம் வைத்தது என்று அபராதம் கட்டியிருப்பார்கள். இதைப் படித்துச் சங்கடப்படாதீர்கள். அந்தத் தொழிலில் இருந்த எளிய மனிதர்களில் பலர் ஒருமுறையாவது இப்படி நின்றவர்கள்தான். அந்தச் செய்தியில்தான் அவர் பேசிய வார்த்தைகளே உங்களுக்குக் கிடைக்கக்கூடும். என் கணவரின் குடும்பத்தில் ஒரு மூதாட்டி நீதிபதி முன் சொன்ன பதில் இரண்டு வரி அச்சாகியிருக்கிறது. அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அது மட்டும்தான். அதைப் படித்த அன்று மாமியார் வெகுநேரம் பேசவே இல்லை.

மரண விசாரணைகளையும் விடாதீர்கள். ஊரில் பெரிய அறை இருந்த இடம் பப்தான் என்பதால், திடீர் மரணம் நேர்ந்தால் விசாரணை அதிகாரியும் ஜூரிகளும் அங்கேதான் கூடினார்கள். 1902-இல் வந்த சட்டம்தான் வேறு இடம் இருக்கும்போது மதுக்கடையில் விசாரணை நடத்தக் கூடாது என்றது. ஏலங்கள், சங்கக் கூட்டங்கள், பூக்கண்காட்சிகள், தேர்தல் விருந்துகள் எல்லாம் அங்கேதான். அதனால் தேடும்போது முன்னோரின் பெயரைவிடப் பப்பின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எழுத்துகள் பிழையாகும். உடைந்த ‘இ’ போலப் பல சிக்கல்கள். ஒரு பெயர் தவறினாலும் இன்னொன்று அகப்படும்.

ஊர் டைரக்டரிகளை நம்பலாமா?

நம்பலாம், ஒரு வருடம் முன்பின் வைத்துக்கொண்டு. பிகட், ஒயிட், ஸ்லேட்டர், கெல்லி ஆகியோர் வெளியிட்ட வணிகக் கையேடுகள் இவை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏராளமானவை இலவசமாகவே கிடைக்கின்றன. தகவல் திரட்டியதற்கும் அச்சானதற்கும் இடையே மாதங்கள் ஓடியிருக்கும், அதற்குள் கடை கைமாறியிருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பப்கள் ஒரு பட்டியலிலும் பீர்க்கடைகள் வேறொரு பட்டியலிலும் இருக்கும். பீர்க்கடைப் பட்டியலில் ஆள் பெயரும் தெருவும் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும், கடைக்குப் பெயர் போட்டிருக்க மாட்டார்கள். பல பீர்ஹவுஸ்களுக்குப் பெயரே பின்னால்தான் வந்தது. முன்னோரின் கடைப் பெயர் கிடைக்கவில்லை என்றால், அதே தெருவில் இருபது வருடம் கழித்து இருந்த பப்களின் பெயர்களைப் பாருங்கள்.

1851 கணக்கெடுப்பில் பப்காரர். 1861-இல் ஆளையே காணோம். ஏன் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள்?

கட்டடம் அவர்களுடையது அல்ல என்பதே முதல் காரணம். மது ஆலை கட்டடத்தை வாங்கி அல்லது குத்தகைக்கு எடுத்து, தன் பீரை மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாடகைக்குக் கொடுக்கும். இதற்கு ‘டைடு ஹவுஸ்’ என்று பெயர். நூற்றாண்டின் முடிவில் பெரும்பாலான பப்கள் இப்படித்தான் இருந்தன. வியாபாரம் சரியில்லை என்றால் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான். சிலர் இன்னும் நல்ல இடம் தேடித் தாமே கிளம்பினார்கள்.

இதனால் ஆலைகளின் கணக்குப் புத்தகங்களிலும் தேடலாம். விட்பிரெட், ட்ரூமன் ஹான்பரி பக்ஸ்டன் போன்ற லண்டன் ஆலைகளின் ஆவணங்கள் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. அங்கேயே சன் ஃபயர் ஆபீஸ் என்ற தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிப் பதிவேடுகளும் உள்ளன. பப்காரர் தம் பாத்திர பண்டம், துணிமணி, சரக்கு இவற்றுக்கு எத்தனை பவுண்டு போட்டார் என்பதை அதில் பார்க்கலாம்.

கடன் ஏறி முழுகிப் போயிருந்தால் லண்டன் கெஜட் என்ற அரசிதழைப் பாருங்கள். அது இலவசம். திவாலான வியாபாரிகளின் பெயரும், கடனுக்காகச் சிறைக்குப் போனவர்களின் பெயரும் அதில் வரும். கடனாளிகள் பற்றிய அறிவிப்பில், முதலில் இன்ன ஊரில் இன்ன தொழில், பிறகு இன்ன தெருவில் பீர் வியாபாரி, பிறகு இன்ன பப்பில் விக்சுவலர், கடைசியாக வேலையில்லாமல் வாடகை அறையில் என்று அவர் இருந்த முகவரிகளை எல்லாம் வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்த மனிதருக்கு அது வாழ்க்கையின் மிக மோசமான நாளாக இருந்திருக்கும். ஆனால் பத்து வருடத் தடத்தை ஒரே பத்தியில் காட்டும் இன்னொரு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

பாட்டிதான் பப்பை நடத்தினார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் பெயர் எங்குமே இல்லையே?

கணவர் உயிரோடு இருக்கும்வரை உரிமம் அவர் பெயரில்தான் இருக்கும். அதனால் பாட்டியின் பெயர் காகிதத்தில் ஏறியது பெரும்பாலும் அவர் விதவையான அன்றுதான். கணவர் இறந்த சில வாரங்களில் உரிமம் மனைவிக்கு மாற்றப்பட்ட செய்தி பத்திரிகையில் வரும். ஆக, கணவரின் இறப்புத் தேதியைக் கண்டுபிடித்து, அதற்கடுத்த மூன்று மாதப் பத்திரிகைகளைப் பாருங்கள்.

அப்புறம் மறுமணம். விதவை மறுபடி திருமணம் செய்துகொண்டால் உரிமம் புதுக் கணவர் பெயருக்குப் போய்விடும். பதிவேட்டில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து போனது போலத் தெரியும். உள்ளே முப்பது வருடமாக அதே பெண்மணி நின்று பீர் ஊற்றியிருப்பார். நான் இப்படி ஒரு குடும்பத்தை மூன்று குடும்பம் என்று எண்ணி இரண்டு வருடம் தேடினேன். திருமணப் பதிவுகளை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தக் காலம் மிச்சமாகியிருக்கும்.

1841 கணக்கெடுப்பில் மனைவியின் தொழில் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். 1851-இல் சில இடங்களில் ‘விக்சுவலரின் மனைவி’ என்று எழுதியிருப்பார்கள். அதை அலங்காரச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடப் புள்ளிவிவரத்தில் அதைத் தனித் தொழிலாகவே எண்ணினார்கள்.

பப்பின் பெயர் தெரியும், ஆனால் இன்றைய வரைபடத்தில் அந்தத் தெருவே இல்லை.

லண்டன் என்றால் இது சகஜம். 1855-இல் உருவான மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் என்ற நகர நிர்வாக அமைப்பு ஏராளமான தெருக்களின் பெயரையும் வீட்டு எண்களையும் மாற்றியது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைந்த இங்கிலாந்தின் பழைய வரைபடங்களும் இலவசமாக உள்ளன. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ‘பி.எச்.’ என்று இருந்தால் பப்ளிக் ஹவுஸ். பெரிய அளவிலான நகர வரைபடங்களில் பப்பின் பெயரே அச்சாகியிருப்பதும் உண்டு.

ரெட் லயன், கிரவுன், ராயல் ஓக் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஒரே நகரத்தில் இரண்டு மூன்று கூட இருக்கும். தெருப்பெயர் பொருந்தாமல் எதையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

உயில், முதுமை, சாவு பற்றிய பதிவுகள்?

1858 ஜனவரி முதல் உயில்கள் அரசின் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றின் வருடாந்தரப் பட்டியலில் இறந்தவரின் முகவரி, தொழில், சொத்தின் மதிப்பு எல்லாம் இருக்கும். அதற்கு முந்தியவை சர்ச் நீதிமன்றங்களில் உள்ளன. அவற்றில் பெரியதான கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வயதாகி வறுமையில் விழுந்த பப்காரர்களுக்காக லண்டனில் பெக்கம் பகுதியில் 1827-இல் ஓர் இல்லம் தொடங்கினார்கள். லைசென்ஸ்டு விக்சுவலர்ஸ் அசைலம் என்று பெயர். அந்தக் கட்டடங்கள் இன்றும் கரோலைன் கார்டன்ஸ் என்ற பெயரில் நிற்கின்றன. கணக்கெடுப்பில் முதிய வயதில் அந்த முகவரி வந்தால் மனநோய் விடுதி என்று பதறாதீர்கள், இது வேறு.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து?

ஸ்காட்லாந்துக்குச் சட்டமே வேறு. 1853-லேயே அங்கே ஞாயிற்றுக்கிழமை பப்களை மூடிவிட்டார்கள். பிறப்பு, இறப்பு, கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளம். அயர்லாந்தில் 1901-க்கு முந்திய கணக்கெடுப்புகள் மிகப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1901, 1911 இரண்டும் முழுதாக, இலவசமாக இருக்கின்றன. அங்கே மளிகைக் கடையும் மதுக்கடையும் ஒன்றாகவே நடந்ததால் ‘குரோசர்’ என்று இருந்தாலும் விடாமல் பாருங்கள்.

எங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் முதலில் மதராஸுக்கு வந்தவர் பப்காரரின் மகன் என்கிறார்கள். இங்கிருந்தே தேட முடியுமா?

முடியும். மதராஸ் மாகாணத்தின் சர்ச் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. திருமணப் பதிவில் மணமகனின் அப்பா பெயர் கிடைக்கும். ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வந்தவர் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய் என்றால், கியூவில் உள்ள பணிவிடுப்புக் காகிதங்களில் பிறந்த ஊரும் முன்பு செய்த தொழிலும் இருக்கக்கூடும். ஊர் தெரிந்துவிட்டால், அவர் பையனாக இருந்தபோது நடந்த கணக்கெடுப்பில் அந்த வீட்டைத் தேடுங்கள்.

கடை மூடிவிட்டது, படமும் இல்லை. உள்ளே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். முதலில் கடை எப்போது மூடியது என்று பாருங்கள். 1904-இல் வந்த சட்டம், தேவைக்கு அதிகமாக இருந்த பப்களை இழப்பீடு கொடுத்து மூட வழி செய்தது. அதில் ஆயிரக்கணக்கான சின்னக் கடைகள் போயின. அந்த இழப்பீட்டு ஆவணங்கள் கவுண்டிக் காப்பகங்களில் கிடைக்கும்.

அடுத்து, நில மதிப்பை அளக்க 1910-இல் தொடங்கிய நாடு தழுவிய கணக்கெடுப்பு. அதன் வரைபடங்களும் களக் குறிப்பேடுகளும் கியூவில் உள்ளன. முதலில் வரைபடத்தில் கட்டடத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணுக்குரிய குறிப்பேட்டை எடுக்க வேண்டும். விக்டோரியா அரசி இறந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் பல கட்டடங்கள் அப்போதும் அப்படியேதான் இருந்தன. சொந்தக்காரர், குடியிருப்பவர், வாடகை ஆகியவற்றோடு பல பக்கங்களில் அறைகளையும் எழுதியிருப்பார் அதிகாரி. எங்கள் முன்னோரின் பப்புக்குரிய பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது இது: கீழே மது ஊற்றும் ‘பார்’, முன்னறை, சமையலறை. நிலவறை. மாடியில் மூன்று படுக்கையறை. பின்னால் முற்றம், குதிரைக் கொட்டில், பன்றிப்பட்டி.